நான்காம் இடத்தில் ஒரு சிவப்புக் கோட்டு

பாட்டு வரிசையில் இன்னும் ஏழாவது இடம்தானா, இந்த எண் பலகை அந்தக் காலத்திலும் இவ்வளவு மெதுவாகத்தான் புரண்டதா, இல்லை, அப்போது காத்திருப்பதற்கு உடம்பில் தெம்பு இருந்தது, வியாழக்கிழமை ஒன்பது மணி என்றால் எட்டரைக்கே பாடம் எழுதி, குளித்து, தலை ஈரம் காயாமல் டிவி முன்னால் உட்கார்ந்தாயிற்று, இப்போது பட்டப்பகல் இரண்டரை மணிக்கு, மடியில் மடிக்காத துணிக் குவியலோடு... சிசுரு ஒரு துண்டை எடுத்து நான்காக மடித்தாள், அதே துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். பழைய நிகழ்ச்சிகளை மட்டுமே போடும் சேனல் இது, ஆறு மாதமாக வாரம் ஒரு தடவை அந்தப் பாட்டு வரிசை வருகிறது, பெரிய தோள்பட்டை வைத்த சட்டைகள், கூரை எட்டுகிற மாதிரி வாரி நிறுத்திய முடி, யாருக்குமே ஐம்பத்தெட்டு வயது ஆகப்போவதில்லை என்பது போன்ற சிரிப்பு. பாடுகிறவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை, மீதிப் பேர் முழங்கால் மாத்திரை விளம்பரத்தில் வருகிறார்கள். இதைப் போய் எதற்குப் பார்க்கிறோம், பார்த்தால் சந்தோஷமாகவா இருக்கிறது, இல்லையே, களைப்பாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் துணி மடிக்கும்போது ஒரு சத்தம் வேண்டுமே, இந்த வீட்டில் வேறு சத்தம் ஏது. வெளியே தோட்டத்தில் ஏணி கிறீச்சிட்டது. கணவர் குனிஹிகோ பைன் மரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், பனி விழுந்து கிளை முறியாமலிருக்க நடுவில் உயரமாக ஒரு மூங்கிலை நட்டு, அதன் உச்சியிலிருந்து கிளைக்கொரு கயிறாக இழுத்துக் கட்டுகிற வேலை, நவம்பரில் டோயாமா பக்கத்து வீடுகளில் எல்லா ஆண்களும் செய்வதுதான். ஆனால் இவர் ரயில்வேயிலிருந்து மார்ச் மாதம் ஓய்வு பெற்றதிலிருந்து எந்த வேலையையும் ஒரு நாளில் முடிப்பதில்லை, இந்த ஒற்றை மரத்துக்கு இன்றோடு மூன்று நாள்.

மசுமி போன் செய்தபோது ஆறாவது இடம் வந்திருந்தது. "ஏண்டி, போட்டுட்டாங்களா? நாம நாலாவதுல வர்றோம், ஞாபகம் இருக்குல்ல?" என்று பள்ளிக்கூடக் காலத்துக் குரலிலேயே கத்தினாள். நாம எங்கேடி வர்றோம், பாடுற கிரியா ஜுன் வர்றான், நாம பின்னாடி கூட்டத்துல ரெண்டு தலை, என்றாள் சிசுரு. "தலைன்னாலும் நம்ம தலைடி! நாப்பத்தோரு வருஷம் கழிச்சு டிவியில வருது, சும்மாவா? சரி, அதை விடு. பேப்பரைக் கொடுத்துட்டியா?" இல்லை, நாலு மணி டீக்குக் கொடுக்கலாம்னு. "நீ போன வருஷமும் நாலு மணி டீக்குன்னுதான் சொன்னே. எந்த வருஷத்து டீன்னு சொல்லலை." சிசுருவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கக் களைப்பாக இருந்தது. "இங்க பாரு, நீ தனியாப் போய் இருக்கப் பார்த்து வச்ச அந்தக் கனசாவா வாடகை வீடு, வீட்டுக்காரம்மா அஞ்சு மணிக்கு மேல காத்திருக்க மாட்டா, வேற ஆளுக்கு விட்டுடுவா. ஓய்வு பெத்த புருஷன் துடைப்பத்துல ஒட்டின ஈர இலைடி, உதறினாலும் விழாது. என் அண்ணனையும் இழுத்துட்டு வந்து சாட்சிக் கையெழுத்து போட வச்சிருக்கேன், அவன் மானத்தையாவது காப்பாத்து." சரிடி, அஞ்சு மணிக்குள்ள சொல்றேன், என்று வைத்தாள். சமையலறையில் தேயிலை டப்பா இருக்கும் இழுப்பறைக்குள், நகர அலுவலகத்தில் வாங்கிய அந்தப் பச்சைக் கட்டம் போட்ட மணவிலக்குத் தாள் இரண்டாக மடித்துக் கிடந்தது, இவள் பெயரும் முத்திரையும் ஆயிற்று, சாட்சிகள் இரண்டும் ஆயிற்று, அவருடைய கட்டம் மட்டும் வெள்ளையாக.

ஐந்தாவது இடம், ஓர் அழுமூஞ்சிப் பாட்டு, இது பிடிக்கவே பிடிக்காது, இதைக் கீழே தள்ளத்தானே அந்த நவம்பர் முழுக்க அவளும் மசுமியும் தபால் அட்டை அட்டையாகக் கிரியா ஜுனுக்கு ஓட்டு எழுதிப் போட்டார்கள், ஒரே கையெழுத்தாகத் தெரிந்தால் எண்ண மாட்டார்களோ என்று பயந்து இடது கையால் எழுதி, அப்பா பேரில் ஒன்று, மீன் கடைக்காரர் பேரில் ஒன்று, பள்ளித் தலைமையாசிரியர் பேரில்கூட ஒன்று. பாட்டு வந்ததும் டேப் ரிக்கார்டரை டிவி ஒலிபெருக்கியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டில் எல்லோரையும் மூச்சுவிடக் கூடாது என்று அடக்குவாள், அப்படியும் அம்மாவின் தும்மல் பதிந்துவிடும், அதனால் இன்றைக்கும் சில பாட்டுகள் அவள் மனசுக்குள் தும்மலோடுதான் ஓடும். அந்த வாரம் மட்டும் டேப் ரிக்கார்டர் இல்லை, டிவியும் இல்லை, ஏனென்றால் கிரியா ஜுன் மறுநாள் கச்சேரிக்கு டோயாமாவுக்கு ரயிலில் போகிறான், ரயில் எங்கள் ஊரில் நான்கு நிமிஷம் நிற்கும், அந்த நான்கு நிமிஷத்தில் நடைமேடையிலிருந்தே பாடுவான், நேரடி ஒளிபரப்பு... ஊர் முழுக்க ஸ்டேஷனில்தான். அன்றைக்குத் தான் எப்படி இருந்தோம் என்று அவள் பார்த்ததே இல்லை, பார்க்க வழியே இருக்கவில்லை, அவள்தான் டிவிக்கு உள்ளே இருந்தாளே.

உள்ளே இருந்தவர்களில் குனிஹிகோவும் ஒருவர். அதுதான் விஷயம். இருபத்திரண்டு வயதில் ரயில்வேயில் வேலை பழகிக்கொண்டிருந்தார், கூட்டம் தண்டவாளத்தில் விழாமல் கயிறு பிடிக்கிற வேலை. பெண் பார்க்கும்போது இதையெல்லாம் சொல்லவில்லை, தரகு அம்மாள் போட்டோவைக் காட்டியதும் "இவங்களைத் தெரியும்" என்றாராம், அவ்வளவுதான், எல்லோரும் அதிசயப்பட்டார்கள். கல்யாணம் முடிந்து வெந்நீர் ஊற்று விடுதியில், முதல் ராத்திரி, இரண்டு கிண்ணம் சாக்கே அரிசி மது உள்ளே போனபின், தரைப் பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "உன்னை முன்னாடியே பார்த்திருக்கேன். அந்தப் பாட்டுக்காரன் வந்த அன்னிக்கு. எல்லாரும் அவனைப் பார்த்தாங்க, நான் கூட்டத்தைப் பார்த்து நிக்கணும், அதான் வேலை. நாலு நிமிஷம். சிவப்புக் கோட்டு போட்டிருந்தே." சிவப்புக் கோட்டு! அவளிடம் ஏது சிவப்புக் கோட்டு, பள்ளிக்கூடத்துக் கருநீலக் கோட்டு ஒன்றுதான், ராத்திரியில் ஸ்டேஷனுக்குப் போனதற்காக அடுத்த நாள் காலை ஆசிரியர் அறை வாசலில் அவளையும் மசுமியையும் நிற்க வைத்தபோதும் அதுதானே மேலே இருந்தது, பித்தளைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் அவர் பார்த்தது வேறு யாரையோ. ஆறு வருஷம் யாரோ ஒரு சிவப்புக் கோட்டுக்காரியை மனசில் வைத்திருந்து, போட்டோவில் ஜாடை ஒத்துப்போக, இவள்தான் என்று நினைத்துக் கட்டிக்கொண்டுவிட்டார். சொல்லியிருக்கலாம், அது நான் இல்லைங்க என்று. அவர் முகம் அப்போது அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். அதன்பின் முப்பத்தைந்து வருஷம், சாப்பாடு, குளியல், தூக்கம் என்று அவர் மூன்று சொற்களில் குடும்பம் நடத்தும்போதெல்லாம், அந்தச் சிவப்புக் கோட்டுக்காரியாக இருந்தால் பேசியிருப்பாரோ, தப்பான ஆளைக் கட்டிவிட்டோம் என்று அவருக்கும் தெரிந்துபோயிற்றோ, அதனால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இந்தா, இந்தா என்கிறாரோ... மகள் பிறந்து, வளர்ந்து, நாகோயாவுக்குக் கல்யாணமாகிப் போய், இதெல்லாம் நடந்தும் சிசுருவுக்கு இந்த வீட்டில் ஏதோ இன்னொருத்தியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே, அந்த இன்னொருத்தி திரும்பி வந்து எழுந்திரு என்று சொல்வாளோ என்கிற மாதிரியே. அதுவே ஒரு வேலை, அந்தக் களைப்பு எந்தத் தூக்கத்திலும் தீராது.

பலகை புரண்டது. நான்காவது இடம். தொகுப்பாளர் காதில் கையை வைத்துக்கொண்டு "ரயில் வந்துருச்சா? வந்துருச்சாம்!" என்று கத்தினார், படம் ஒரு தடவை குலுங்கியது, அதோ நடைமேடை, அதோ தூண், கடிகாரம், ஈரப்பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது, ரயில் கதவு திறந்து வெள்ளைக் கோட்டில் கிரியா ஜுன், அடடா இவ்வளவு குள்ளமா இவன், பின்னால் கயிறு, கயிற்றைப் பிடித்தபடி கேமராவுக்கு முதுகு காட்டி நாலைந்து பையன்கள், தொப்பிக்குக் கீழே பிடரி மட்டும். அதற்கப்பால் கூட்டம். மசுமி! அந்த மூக்குக் கண்ணாடி, அந்த வட்ட மூஞ்சி, அவளேதான். பக்கத்தில்தானே நான்... கருநீலத்தைத் தேடினாள், மசுமிக்கு வலப்பக்கம் ஒரு கிழவர், இடப்பக்கம்... சிவப்புக் கோட்டு. இருந்திருக்கிறாள். கற்பனை இல்லை, நிஜமாகவே ஒருத்தி இருந்திருக்கிறாள், எவ்வளவு கிட்டத்தில், மசுமியின் தோளில் கை போட்டுக்கொண்டு, வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டு, அழுதுகொண்டு, அழகிதான், அழகியில்லாமல் என்ன, யார் நீ, எங்கே இருக்கிறாய் இப்போது, உனக்குப் பதிலாக எத்தனை வருஷம் நான் சோறு வடித்திருக்கிறேன்... அந்தப் பெண் நனைந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள், வலது கையைத் தலைக்கு மேல் சுற்றிக் கொண்டுபோய் இடது காதில். மூக்கை எதற்குடி தலையைச் சுற்றித் தொடுகிறாய், இடக்கை என்ன கோவித்துக்கொண்டதா என்று அம்மா திட்டாத நாள் உண்டா. சிசுருவின் வலது கை, துணியை விட்டுவிட்டு, தலைக்கு மேல் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது.

அக்கா. ரிட்சுகோ அக்காவின் கோட்டு. நர்ஸ் வேலையில் முதல் சம்பளத்தில் வாங்கியது, விடுதியில் திருட்டுப் போகுமென்று வீட்டு அலமாரியில் தொங்கவிட்டிருந்தாள், அதைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆமாம், அக்காவுக்கு அன்று இரவுப் பணி, டிவி பார்க்க மாட்டாள் என்று கணக்குப் போட்டு, திரும்பி வந்து விடிய விடிய முடி உலர்த்தும் மெஷினால் காய வைத்து, ஈரம் பட்ட தடம் தெரியாமல் பிரஷ் போட்டு, அதே கொக்கியில்... ஒருவருக்கும் தெரியாது, மசுமியிடம்கூடச் சத்தியம் வாங்கியிருந்தாள், தெரிந்தால் அக்கா கோட்டுக்கு வாடகை கேட்பாள் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். எப்படி மறந்தது? அக்காவிடம் மறைத்து மறைத்து, அம்மாவிடம் மறைத்து, கருநீலக் கோட்டு என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே நம்பிவிட்டாளா? ரிமோட்டை எடுத்து, பதிவாகிக்கொண்டிருந்ததைப் பின்னால் ஓட்டினாள். மறுபடி மசுமி, மறுபடி சிவப்பு. சிவப்புக்கு நேர் எதிரே கயிறு பிடித்திருந்த பையனின் முதுகு. அவர்தானா? காது கொஞ்சம் விடைத்திருக்கிறது, பையன்கள் எல்லோருக்கும் அந்த வயதில் காது விடைத்துத்தான் இருக்கும். முகம் தெரியவே இல்லை. அந்தப் பக்கம் எல்லோரும் பாட்டுக்காரனைப் பார்க்கிறார்கள், அவளும்தான், அந்த முதுகுக்கு மேலாக, ஒரு தடவைகூடக் கண்ணைத் தாழ்த்தாமல். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை இவள் காய்ச்சலில் கிடந்தபோது தலையணைக்குப் பக்கத்தில் பீச் பழ டப்பாவைத் திறந்து கரண்டியோடு வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் வேலைக்குப் போனாரே, அன்றைக்கு எவ்வளவு அழுதாள், அது யாருக்கு வைத்த டப்பா என்று...

"இந்தா! கொஞ்சம் வந்து இதைப் பிடி!" தோட்டத்திலிருந்து. மணி மூன்று ஐந்து. போனை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். குனிஹிகோ ஏணியின் மேல், இவளுக்கு முதுகு காட்டி. கயிற்றின் நுனியைக் கீழே விட்டார், "இழுத்துப் பிடி, ரொம்ப இழுக்காதே, கிளை நோகும்." பிடித்தாள். வைக்கோல் கயிறு குளிர்ந்து சொரசொரவென்றிருந்தது. பிடரியைப் பார்த்தாள், நரைத்து, சுருக்கம் விழுந்து, காது... காதுகள் வயதானால் எல்லோருக்கும் பெரிதாகத்தான் தெரியும்.

"ஏங்க, அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் என்ன போட்டிருந்தேன்?"

"எந்த ஸ்டேஷன்?"

"பாட்டுக்காரன் வந்தானே."

"சிவப்புக் கோட்டு. எத்தனை தடவை சொல்றது."

"ஒரே ஒரு தடவைதான் சொன்னீங்க."

மேலே கைகள் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. "நீதான் பதிலே சொல்லலையே," என்றார், பைன் மரத்திடம் சொல்வது போல. "முன்னாடியே பார்த்து வச்சிருந்தேன்னதும் உனக்குப் பிடிக்கலை போலன்னு நினைச்சேன். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலை. எந்தப் பேச்சை எடுத்தா உனக்குப் பிடிக்கும்னும் தெரியலை."

ஏப்ரன் பைக்குள் போன் அதிரத் தொடங்கியது, மசுமியாகத்தான் இருக்கும், பார்த்தியா பார்த்தியா என்று கத்துவாள், அந்தக் கோட்டை அவளும் மறந்திருக்கிறாளா, இல்லை, சத்தியம் பண்ணியதால் நாற்பத்தோரு வருஷம் வாயைத் திறக்கவில்லையா, அப்புறம் பேப்பர் என்ன ஆச்சு என்பாள், அஞ்சு மணி என்பாள். இரண்டு கையிலும் கயிறு இருந்தது. இன்னும் எத்தனை கிளை என்று கேட்டாள். பதினொண்ணு, என்றார். போன் அதிர்ந்து ஓய்ந்தது. சந்தோஷப்பட வேண்டும், இல்லையா, அந்தச் சிவப்புக் கோட்டுக்காரி நான்தான், வேறு யாரும் இல்லை, யாரும் வந்து எழுந்திரு என்று சொல்லப்போவதில்லை... ஆனால் இவ்வளவு நாளும் அவர் பேசாதது ஏதோ இன்னொருத்தியை நினைத்துத்தான் என்றாவது இருந்தது, அதில் சாய்ந்துகொள்ள ஓர் இடம் இருந்தது, இப்போது அதுவும் போயிற்று, அவர் பேசாமலிருந்தது என்னோடுதான், நான் பேசாமலிருந்தது அவரோடுதான், நடுவில் ஆளே இல்லை. "அடுத்தது," என்று இன்னொரு கயிறு கீழே வந்தது. அதையும் பிடித்துக்கொண்டு, இன்று டீ போடும்போது அந்தத் தாள் கிடக்கிற இழுப்பறையைத் திறந்துதானே தேயிலையை எடுக்க வேண்டும் என்று சிசுரு நினைத்தாள்.