மூன்று மாடி இறங்கிய நூல்

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தை ஒரேயொரு கம்பளி நூலால் நிலத்தோடு சேர்த்துத் தைத்தவன் நான். இப்போது ஊரே நம்புகிறது. முதலில் நம்பாதவன் கீழ்வீட்டுப் பிலேந்திரன்தான்.

வினையே அவனால் வந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பெண்கள் பனிக்காலம் முழுக்க அடுப்பருகில் இருந்து கம்பளி நூற்பார்களாம். அதைக் குடியிருப்பு விழாவில் செய்துகாட்ட ஒரே ஓர் ஆளைத் தேடினார் விழாவை நடத்தும் ஆன்ட்ரியாஸ். நாங்கள் இருவரும் பழகப் போனோம். முதல் நாளே பிலேந்திரனின் விரலிலிருந்து நூல் இடியப்பமாக இறங்கியது. என்னுடையது கொழுக்கட்டை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவி சிவமலர், "பிலேந்திரன்ரை விரலைப் பாத்தியளே? வீணை வாசிக்கிற மாதிரி!" என்றாள். நாற்பது வருடத்தில் என் விரல்களைப் பற்றி அவள் சொன்னது, "நகத்தை வெட்டுங்கோ" என்பது மட்டும். அன்று என் வயிறு எரிந்த எரிவில் ஒஸ்லோ முழுவதும் குளிக்க வெந்நீர் வைத்திருக்கலாம்.

பிழை பிறகுதான் விளங்கியது. ஆட்டு வாடை பிடிக்காமல் நான் கம்பளியை நுரை பொங்கக் கழுவியிருந்தேன். பழைய ஆட்களோ ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் நூற்பார்களாம். பிசுக்குத்தானே வேண்டும்? நல்லெண்ணெயை இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்துக் கம்பளியை நீவினேன். அடடா! நூல் அறுவதையே மறந்துவிட்டது. சக்கரமில்லாமல் தொங்கவிட்டுச் சுழற்றும் கைக்கதிரோடு எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனிக்குப் போனேன். கீழே பிலேந்திரன் குப்பை கொட்ட வந்திருந்தான்.

"பிலேந்திரன், அதிலை நில்! இஞ்சையிருந்து நூத்துக்கொண்டே நிலத்துக்கு இறக்கப்போறன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. ரெண்டாம் மாடிக்கே வராது."

"வந்தா விழாவிலை நான்தான் இருப்பன். சம்மதமே?"

"வந்தாப் பாப்பம்!"

கதிரைச் சுழற்றி விட்டேன். இறங்கியது. இரண்டாம் மாடி சன்னலில் ஒரு பூனை கைகூப்பியது. காற்று மூச்சை அடக்கிக்கொண்டது. விட்டிருந்தால் கதிர் சுரங்க ரயிலிலேயே ஏறியிருக்கும்.

சத்தம் கேட்டுச் சிவமலர் பால்கனிக்கு வந்தாள்.

"நிலத்திலை முட்டீட்டுது!" என்றேன்.

"உங்கடை புளுகு எனக்குத் தெரியாதே? பிலேந்திரன், உண்மையே?"

அவன் வானத்தைப் பார்த்தான். குப்பைப் பையைக் கை மாற்றினான். குனிந்து நூலைச் சுண்டியும் பார்த்தான்; பாவி நூல் அறவில்லை.

"ஓம் அக்கா," என்றான் கடைசியில், "முட்டினதுதான். ஆன்ட்ரியாஸிட்டை நானே சொல்லுறன்."