மௌரீன் சமைக்காத விரால்

அந்த விராலுக்கு முதலில் வந்தது கழுத்தா கைகளா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. பிரேசர் டவுனில் அந்தத் தெருவில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நானும் அங்கே போய்வந்தவன்தான். ஆனால் பார்த்தது எது, கேட்டது எது என்று என்னால் பிரிக்க முடிவதில்லை. கழுத்துதான் என்கிறாள் மௌரீன். மீனை வாங்கிவந்தவள் அவள் என்பதால் அதையே எழுதுகிறேன்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் இறைச்சி கிடையாது, மீன் உண்டு. மௌரீன் முந்தின நாளே உயிர் விரால் வாங்கி, குளியலறை டிரம்மில் விட்டு, துள்ளி விழாமலிருக்கப் பலகையால் மூடி மேலே அம்மிக் குழவியை வைப்பாள். விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். எல்லா விராலும் செய்வதுதான். அந்த வெள்ளிக்கிழமை காலை பலகையை எடுத்தபோது, மீன் உடலை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தது. மீனால் அப்படி முடியாது. திரும்பினால் முழுதாகத்தான் திரும்ப வேண்டும். மௌரீன் கத்தவில்லை. கத்துவதற்கும் தெம்பு வேண்டும். அவளுக்கு வந்த கவலை வேறு: கழுத்துள்ளது மீனா, இறைச்சியா? பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். ஓர் அடக்கத்தை முடித்துக் களைத்து வந்திருந்த அவர், "வீட்ல முட்ட இருக்கில்ல? அத செஞ்சுக்கம்மா" என்றார். சனிக்கிழமை ஆக்கிக்கொள்ளலாம் என்று வைத்தாள். சனிக்கிழமை அதற்கு முழங்கை வந்திருந்தது.

அவள் கணவன் யூஜின் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவன். தீபாவளிக்குப் பின் பக்கவாதம் வந்து படுத்தவன் எழவில்லை. கைகால்களில் பலம் திரும்பிவிட்டது, இனி அவர்தான் முயல வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, பயிற்சி கொடுக்க வந்த ரக்ஷா என்ற பெண் வருவதை நிறுத்திக்கொண்டாள். தூக்குவதும் உட்காரவைப்பதும் கழுவுவதும் மௌரீன்தான். அவள் முதுகெலும்பு தேய்ந்திருந்தது. ஈஸ்டருக்குள் அப்பா தானாக எழுந்து உட்காரவில்லையென்றால் ஓசூர்ப் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுவது என்று துபாயிலிருக்கும் மகன் முடிவு செய்திருந்தான். கட்டிலிலிருந்தே அதையெல்லாம் கேட்ட யூஜின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதன் பிறகு அவன் பேசவில்லை.

விரால் டிரம்மின் அடியில் கைகளால் நடந்து பழகியது. தண்ணீருக்குள் நடப்பதற்குத்தான் கைகள் வந்தன. தரையைப் பற்றி அது யோசித்ததாகத் தெரியவில்லை. மௌரீன் குழவியை வைக்க மறந்த ஒரு மத்தியானம் அது வெளியே விழுந்து, நடை வழியாக வயிற்றை இழுத்துக்கொண்டு யூஜினின் அறைக்கு வந்தது. மூச்சு அதற்கு முன்பே பழக்கம். எடைதான் புதிது. மோவாயைத் தரையில் வைத்து நெடுநேரம் கிடந்தது. யூஜின் அதைப் பார்த்தான்.

"ஏன் மேன் வந்த?" என்றான். "அங்க ஜாலியா மிதந்துனு இருந்த இல்ல? இங்க ஒவ்வொரு எலும்பையும் நீயே தூக்கணும். பேஜார்."

ஞாயிற்றுக்கிழமை, அவனோடு வேலை பார்த்த ஓஸ்வால்ட் வந்தான். பிரெஸ் மெஷினில் விரல்களை இழந்தவன். குனிந்து விராலின் விரல்களை எண்ணிப் பார்த்தான். "எனக்கு ரெண்டு கையும் சேத்தே எட்டுதான்டா. இதுக்கு ஒரு கையிலயே எட்டா?" பிறகு யூஜினைப் பார்த்துச் சொன்னான்: "மீனே எந்திரிக்கப் பாக்குது. நீ படுத்துனே இரு ராஜா."

புனித வாரத்திலும் அது வயிற்றைத் தரையிலிருந்து தூக்க முயன்றுகொண்டிருந்தது. முழங்கைகள் பக்கவாட்டில் வழுக்கின. அச்சு ஒரு நூல் விலகினாலும் பொறுக்காத லேத்காரனுக்கு அதைப் பார்த்திருக்க முடியவில்லை. "வெளிய வெக்காத, உள்ள வை! உள்ள!" என்றான். அதற்குப் புரியவில்லை. செய்துகாட்டப் புரண்டவன் கட்டிலிலிருந்து விழுந்தான்.

மௌரீன் சமையலறையிலிருந்து ஓடிவந்து, வழக்கம்போல அவன் அக்குளில் கைகொடுத்தாள். முதுகு பிடித்துக்கொண்டது. கைகளை உருவிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"என்னால ஆவாதுங்க," என்றாள். "இனிமே ஆவாது."

அவன் கன்னம் தரையில், கண்கள் அந்தப் பிராணியின் கண்களுக்கு நேராக, வெகுநேரம் கிடந்தான். குக்கர் கூவியது. அவள் அணைக்கப் போகவில்லை. பிறகு யூஜின் முழங்கையை மெல்ல நெஞ்சுக்கடியில் இழுத்து ஊன்றினான். அது பார்த்தது, தன் முழங்கையையும் இழுத்துக்கொண்டது. இரண்டு நெஞ்சுகளும் நடுங்கிக்கொண்டே தரையை விட்டு எழும்பின.

ஈஸ்டருக்கு முன்பே யூஜின் தானாக எழுந்து உட்கார்ந்தான். மகன் இல்லத்துக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டான். யூஜின் இப்போது வாக்கரோடு மசூதி ரோடு முனைவரை போகிறான். பாதி வழியில் நின்று வண்டிக்காரர்களைத் திட்டுகிறான். ஓஸ்வால்ட் அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன் இறந்துபோனான். ரக்ஷா கல்யாணமாகி மைசூரில் இருக்கிறாள். விராலின் விரல்கள் எப்போதோ ஐந்தாகிவிட்டன, வாலும் சுருங்கிவிட்டது. டிரம் நிரம்பியிருந்தாலும் அதன் பக்கம் போவதில்லை. மௌரீனின் முதுகு சரியாகவில்லை. சாயங்காலங்களில் அவள் தைலம் தேய்த்துக்கொள்ளும்போது அதுவும் வந்து முதுகைத் திருப்பி உட்காரும். கையில் மிஞ்சியதை அதற்குத் தேய்த்துவிடுகிறாள்.