கருநீல வரிசை

அக்டோபர் கடைசியில், குளிர்காலம் முடிந்து வரும் விவசாயக் கண்காட்சி நாளுக்கு முன்னால், உலகின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட்டில் யாரும் தக்காளி நடுவதில்லை. ட்ரெவர் நட்டுவிட்டார். போன வாரம் மூன்று நாள் சட்டையைக் கழற்றிப்போட வைக்கிற வெயில். அதை நம்பி, எல்லோரும் சேர்ந்து பயிரிடும் பொதுத் தோட்டத்தின் கீழ்ப்பாத்தியில் இருபத்து நான்கு நாற்றுகளையும் இறக்கிவிட்டார். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மலை உச்சியில் பனி கொட்டிக் கிடந்தது.

நாற்றுகள் பிரியோனி வளர்த்தவை. ஆகஸ்டிலிருந்து குளியலறை ஜன்னலோரம் தயிர் டப்பாக்களில் வைத்து, தினமும் திருப்பித் திருப்பி வெயில் காட்டியவை. ஒன்றைக்கூடத் தனக்கென்று எடுத்துவைக்காமல் எல்லாவற்றையும் தோட்டத்துக்குக் கொடுத்திருந்தாள். செத்தால் மொத்தமும் போச்சு.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்குக் காற்று நின்றது. கொட்டகை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த பிரியோனி ஊசியை நிறுத்திவிட்டு மஃப்ளரை மடிமேல் விரித்தாள். ஜூலை முதல் தேதியிலிருந்து நாளுக்கு இரண்டு வரிசை. கீழ்ப்பாத்தியில் செருகிய வெப்பமானி காலையில் என்ன காட்டுகிறதோ அதற்கேற்ற நிறம். இதமான காலைக்கு மஞ்சள், குளிருக்கு வெளிர்நீலம், உறைபனி விழுந்தால் கருநீலம். மலையில் பனி தெரிந்த நாளுக்கு ஓரத்தில் ஒரு வெள்ளை முடிச்சு.

முடிச்சுகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். நேற்றையதை விட்டால் ஐந்து. நான்கில், முடிச்சுக்கு மறுநாள் மஞ்சளோ வெளிர்நீலமோ. அதற்கு அடுத்த நாள் தவறாமல் கருநீலம். ஐந்தாவதில் மட்டும் இல்லை. அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டு எல்லோரும் பட்டாணிச் செடிகளை மூடினார்கள். மேகம் மூடி, உறைபனி விழாமல் போய்விட்டது. ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இந்த முறையும் அப்படி ஆனால்?

ட்ரெவர் மண்வெட்டியைக் கழுவியபடி பார்த்தார். "என்ன தாயே, கம்பளியில ஜோசியம் பாக்குறியா?"

"நாளைக்குக் காலையில உறைபனி விழும்னு... தோணுது."

"ரேடியோவுல அஞ்சு டிகிரின்னு சொன்னான்."

"அவங்க மேட்டுல அளக்குறாங்க, ட்ரெவர். குளிரெல்லாம் இறங்கி வந்து நம்ம கீழ்ப்பாத்தியிலதான தேங்குது."

"பட்டாணிக்கும் இதத்தான் சொன்ன."

கொட்டகைக்குள்ளிருந்து ஷோனா எட்டிப் பார்த்தாள். அவளும் ட்ரெவரும் இந்தத் தோட்டத்தில் பத்து வருடமாகச் சண்டை போடுகிறவர்கள். "ஊரே காத்திருக்க, இவரு மட்டும் நட்டாரு. அப்ப வராத யோசனை, ஒரு துணி போட்டு மூடுறதுக்கு மட்டும் வருதாக்கும்!"

"சரி, மூடலாம். ஒண்ண மட்டும் நான் தெறந்து விடுவேன். பந்தயம்."

"என்ன பந்தயம்?" என்றாள் பிரியோனி. அந்த ஒன்றையும் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"உன் கருநீல நூலு என்னாச்சு?"

"தீந்துபோச்சு. போன மாசத்தோட."

ட்ரெவர் தலையைத் தட்டிக் காட்டினார். பன்னிரண்டு வருடமாக அவர் கழற்றாத கம்பளிக் குல்லா. கருநீலம். "உறைபனி விழுந்தா இத அவுத்து நூல எடுத்துக்கோ. விழலைன்னா கண்காட்சி நாள் வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது."

இருட்டுவதற்குள் மூவருமாகப் பழைய படுக்கை விரிப்பும் அட்டைப் பெட்டியும் போட்டு மூடினார்கள். வேலியோரத்து ஒன்று மட்டும் வெறுமனே நின்றது.

காலையில் பிரியோனி வரும்போது புல் வெளுத்திருந்தது. காலடியில் மொறுமொறுத்தது. வெப்பமானி பூஜ்யத்துக்கு ஒன்று கீழே காட்டியது. ட்ரெவர் வேலியோரம் குந்தியிருந்தார். அந்த நாற்று வேகவைத்த கீரைபோலத் துவண்டு கறுத்துக் கிடந்தது. பந்தயத்தில் தோற்றிருந்தாலே தேவலை என்று அவளுக்கு நிஜமாகவே பட்டது.

வெயில் ஏறியதும் விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பச்சை. அடுத்ததும் பச்சை. பிரியோனி எண்ணிக்கொண்டே போனாள். இருபத்து மூன்று. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள்.

ட்ரெவர் குல்லாவைக் கழற்றி நீட்டினார். உள்ளே அவர் தலை ஏறக்குறைய வழுக்கை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அடப்பாவமே, முழுசா அவுத்துடாத பொண்ணே. ஜலதோஷம் புடிச்சா நம்மதான் சூப் கொண்டுபோகணும்" என்றாள் ஷோனா.

பிரியோனி குல்லாவின் உச்சியிலிருந்து இரண்டு வரிசைக்கு வேண்டிய நூலை மட்டும் உருவினாள். மிச்சக் கண்ணிகளை ஊசியால் கோத்து, இழுத்துச் சுருக்கி முடிச்சுப்போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ட்ரெவர் மாட்டிப் பார்த்தார். காது இரண்டும் வெளியே நின்றன.

அவள் பின்னி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். பிறகு, "நாளைக்கு எப்படி?" என்றார்.

பிரியோனி மலையைப் பார்த்தாள், மஃப்ளரைப் பார்த்தாள். "தெரியலை."

"தெரியலையா?"

"நெஜமாவே தெரியலை, ட்ரெவர்."

அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். மடிக்கத் தொடங்கியிருந்த விரிப்புகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோகாமல் பாத்தியோரமே அடுக்கிவைத்தார்.