கவர் பிரித்த சரக்கு

மெத்தைக்கடை முதலாளிக்கு லேப்டாப் விற்றவருக்கு அன்று லாபம் நின்றதா என்பது சந்தேகம்தான். முதலாளி முதலில் விலையைக் குறைத்தார். குறைத்த விலைக்கு ஒரு பையைச் சேர்த்தார். காலிப் பையை எப்படி எடுத்துப்போவது என்று அங்கலாய்த்து அதற்குள் ஒரு மவுஸைப் போட வைத்தார். நொந்துபோன விற்பனையாளர், "எல்லாத்தையும் செட் பண்ணி ஓட்டிக் காட்டித் தர்றதுக்குத் தனிக் கட்டணம் சார்" என்று இழுத்தபோது, அவர் தோளில் கை போட்டு, "அது எதுக்கு தம்பி உங்களுக்குச் சிரமம்? அதுக்குப் பதிலா அந்தத் துடைக்கிற துணியைக் குடுத்துடுங்க" என்றார்.

துணி கிடைத்தது. உலகத்தையே சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டவர்போல முதலாளி வெளியே வந்தார்.

வாசலில் விற்பனையாளர் சொன்ன கடைசி வார்த்தைதான் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. "பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பித் தந்துடலாம் சார். ஆனா கவர் எதுவும் பிரிஞ்சிருக்கக் கூடாது."

இதை முதலாளிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அவர் கடையில், கல்லாவுக்குப் பின்னால், கடவுள் படம் மாட்டவேண்டிய உயரத்தில் தொங்கும் போர்டே அதுதான்: 'கவர் பிரித்த சரக்கு திரும்ப வாங்கப்படாது.' எத்தனையோ பேர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து அந்தப் போர்டைப் படித்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போயிருக்கிறார்கள். கவர் இருக்கிறவரை பொருள் பேரத்தில் இருக்கிறது, கவர் பிரிந்த நிமிஷமே அது நம் தலையில் விழுந்துவிட்டது என்பது அவர் சித்தாந்தம். அதை வீட்டிலும் கடைப்பிடித்தார். கடைக்கு மேலேயே இருந்த வீட்டில் சோபாவுக்கு பிளாஸ்டிக், ரிமோட்டுக்கு பிளாஸ்டிக், ஃபிரிட்ஜ் கதவில் ஓரம் சுருண்டு டேப் ஒட்டிய பிளாஸ்டிக். விருந்தாளிகள் சோபாவை விட்டு எழும்போது 'சர்ர்' என்று தோல் உரிகிற சத்தம் கேட்கும். வீட்டுக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

லேப்டாப் வாங்கவேண்டிய அவசியம் ஒரு ஹோட்டலால் வந்தது. வேறு ஊரில் புதிதாகத் திறக்கப்போகும் பெரிய ஹோட்டல். அறைக்கு அறை மெத்தை வேண்டும். அங்கே கொள்முதலைப் பார்க்கும் அம்மாள், "நேர்ல வர நேரமில்லை சார். வீடியோவுல காட்டுங்க. போன்ல வேணாம், போன தடவை நீங்க ஆட்டின ஆட்டத்துல எனக்குத் தலை சுத்திப்போச்சு. லேப்டாப்பை ஒரு இடத்துல வச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். இன்று மாலை ஐந்து மணிக்கு அழைப்பு. எதிர்க்கடைக்காரன் நேற்றே காட்டிவிட்டான். இன்றே முடிவு. இந்த ஆர்டர் எதிர்க்கடைக்குப் போனால், மிச்ச ஆயுளுக்கும் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அந்த முகத்தின் இளிப்பைப் பார்த்துத்தான் தூக்கவேண்டும். முதலாளிக்கு அதைவிடக் கடையை மூடிவிடலாம் போலிருந்தது.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. என்றைக்கோ யாருடைய கம்ப்யூட்டரையோ அணைத்து மறுபடி போட்டதில் அது ஓட ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து குடும்பத்தில் அவன்தான் நிபுணன்.

"அத்தான், அரை மணி நேர வேலை" என்று கைவிரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். கடையின் கட்டிங் மேஜைமேல் லேப்டாப் இருந்தது. திரைமேல் ஒரு மெல்லிய உறை, விரலால் தடவும் பட்டைமேல் ஒரு உறை, அடியில் அது வந்த பிளாஸ்டிக் பை அப்படியே. பையில் ஒரு பக்கத்தை மட்டும் முதலாளி பிளேடால் அளவாகக் கீறி, மூடி திறக்க வழி செய்திருந்தார்.

பட்டனை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினான்.

"ஏமாத்திட்டானா?" முதலாளி பில்லைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டார்.

"இல்ல அத்தான். புதுசு, முதல்ல சார்ஜர் போட்டாத்தான் முழிக்கும். சார்ஜர் எங்க?"

சார்ஜர் தொட்டிலில் கிடக்கும் குழந்தைபோல உறைக்குள் இருந்தது. ஒயரை வெளியே எடுக்க இருவருக்கும் ஒரு சின்ன யுத்தம் நடந்தது. முனையில் இருந்த பிளாஸ்டிக் தொப்பியை மச்சினன் கழற்றியதும் முதலாளி அதை வாங்கி, தங்க மோதிரம்போலச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரை ஒளிர்ந்தது. "வணக்கம்" என்றது. முதலாளி பதிலுக்குத் தலையசைத்தார்.

அடுத்து வைஃபை பாஸ்வேர்ட். அதை வைத்தவன் மச்சினன்தான். அவனுக்கே மறந்துபோயிருந்தது. ஆனால் சுவரில் இருந்த வைஃபை பெட்டியும் கவருக்குள்தான் இருந்தது. தூசியைத் தட்டியதும் அடியில் ஒட்டியிருந்த எழுத்தும் எண்ணும் நேற்று அச்சடித்ததுபோலப் பளிச்சென்று தெரிந்தன. "பார்த்தியா?" என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். கவரின் வரலாற்றில் அது ஒரு பொன்னாள். கடைசிப் பொன்னாளும்கூட.

பிறந்த தேதி கேட்டது. தேதி வந்தது, மாதம் வந்தது. வருஷத்தைப் பின்னால் தள்ளவேண்டும். மச்சினன் பட்டையைத் தடவினான். உறைக்கு அடியில் காற்றுக்குமிழி இருந்ததால் திரையில் அம்புக்குறி வண்டுபோலப் பறந்து எங்கெங்கோ போய் உட்கார்ந்தது. மவுஸை எடுத்தான். அதன் பேட்டரிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்தால்தான் உயிர் வரும். முதலாளி மவுஸை வாங்கி மறுபடி பையில் வைத்தார்.

"வருஷம் நகரமாட்டேங்குது அத்தான். பத்து வருஷம் பின்னாடி போய் நின்னுடுச்சு."

"அதுவே போதும்டா. வயசுல என்ன இருக்கு? குறைச்சுச் சொன்னா அவனா வந்து கேட்பான், அப்ப ஏத்திக்கலாம்."

அந்தப் பக்கத்தில் பேரம் தெரிந்தவர் யாரும் இல்லை. சொன்ன விலையை அப்படியே ஒத்துக்கொண்டு லேப்டாப் இப்படி எழுதியது: 'நீங்கள் சிறுவர். தொடர, பெற்றோர் அல்லது காப்பாளரின் அனுமதி தேவை.'

மச்சினன் மாடியைப் பார்த்துக் கத்தினான். "அக்கா! உன் ஈமெயிலைக் கொஞ்சம் போடறேன்! போன்ல ஏதாவது வந்தா சரின்னு அழுத்து!"

மனைவி இறங்கி வந்தார். போனைப் படித்தார். இன்னொரு தடவை நிதானமாகப் படித்தார்.

"என்னங்க, உங்களுக்குக் காப்பாளரா இருக்க எனக்குச் சம்மதமான்னு கேக்குது."

"சும்மா சரின்னு போடும்மா."

"போட்டுட்டேன்" என்றார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை முதலாளி அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. வியாபாரத்தில் எதிராளியின் முகத்தைக் கவனிக்காமல் விட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பிறகு அப்டேட் வந்தது. 'அணைக்க வேண்டாம்' என்று கெஞ்சிக்கொண்டு ஒரு வட்டம் சுற்றியது. பாதிக்குமேல் போய், மனசு மாறியதுபோல மறுபடி முதலில் இருந்து சுற்றியது. பிளாஸ்டிக் பைக்குள் மூச்சுவிட வழியில்லாமல் லேப்டாப் கொதித்தது. உள்ளே இருந்த விசிறி மேடேறும் லாரிபோல உறுமியது.

"வைரஸ்" என்றான் மச்சினன்.

"இன்னும் முழுசா பொறக்கவே இல்லையேடா, அதுக்குள்ளயா?"

உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள். தங்கள் அழைப்பு மிக முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, அந்த முக்கியத்தைப் பாட்டுப் போட்டு நிரூபித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் வந்தார். சூடாவதையும் அம்பு பறப்பதையும் கேட்டுக்கொண்டார்.

"சார், லேப்டாப் மேலயும் அடியிலயும் இருக்கிற கவரை எல்லாம் எடுத்துட்டீங்களா?"

முதலாளி உஷாரானார். எடுத்தாச்சு என்றால் பதிவாகிவிடும், திருப்பித் தர முடியாது. எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்வாள். வாடிக்கையாளரிடம் அவரே பல வருஷமாகச் சொல்லிவரும் பதிலைச் சொன்னார். "கவர் விஷயமெல்லாம் நாங்க பார்த்துக்கிட்டோம்மா."

"அப்ப அணைச்சுட்டுப் போடுங்க சார்" என்றார் அந்தப் பெண். மச்சினன் தன் தொழில் ரகசியத்தை யாரோ திருடியதுபோல முறைத்தான்.

அணைத்துப் போட்டதில் அப்டேட் எப்படியோ முடிந்தது. மணி ஐந்தை நெருங்கியது. முதலாளி சட்டையை மாற்றிக்கொண்டு, தலை வாரி, விலை உயர்ந்த மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி அதன் பக்கத்தில் நின்றார். அழைப்பு வந்தது. மச்சினன் பொத்தானை அழுத்தினான்.

'கேமராவைப் பயன்படுத்தக் காப்பாளரிடம் கேட்கவும்.'

மனைவியின் போன் டிங் என்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு மெத்தை அடுக்கின்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். அடியில் கவர் சரசரத்தது.

"எவ்வளவு நேரம் வேணும்னு கேக்குது. அஞ்சு நிமிஷம் குடுக்கறேன்."

"அஞ்சா? விளையாடறியா?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு அதுவே ஜாஸ்தி."

வாக்குவாதம் செய்ய நேரமில்லை. திரையில் ஹோட்டல் அம்மாள் வந்தார், பனிமூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர்போல. அவருக்கு முதலாளி இன்னும் மோசமாகத் தெரிந்திருக்கவேண்டும்.

"சார், அங்க எதுவும் தீப்பிடிச்சிருக்கா? ஒரே புகையா இருக்கே?"

"புகையெல்லாம் இல்லைங்க மேடம், ஒரே நிமிஷம்." முதலாளி பேரத்தில் ஜெயித்த துணியை எடுத்து கேமராவைத் துடைத்தார். துடைத்தது கேமராவின்மேல் இருந்த உறையை. குமிழிகள் கூடிவந்து கேமராமேலேயே குடியேறின.

"இப்ப சுத்தமாவே தெரியலை. நேத்து உங்க எதிர்க்கடைக்காரர் எவ்வளவு பளிச்னு காட்டினார் தெரியுமா? அஞ்சே காலுக்கு எங்களுக்கு மீட்டிங். அதுக்குள்ள சரி பண்ண முடியும்னா…"

'உங்கள் நேரம் முடிந்தது' என்று எழுதிவிட்டுத் திரை இருண்டது.

லேப்டாப் மட்டும் உறுமியது. முதலாளி மெல்லத் திரும்பினார். மனைவி போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் நேரம் குடும்மா."

"குடுக்கறேன். கவரைப் பிரிங்க."

"இதைப் பிரிச்சா திருப்பித் தர முடியாதே!"

"சரி. அப்ப ஆர்டர் எதிர்க்கடைக்குப் போகட்டும், லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்துடுங்க. ரெண்டு பக்கமும் கணக்கு நேராயிடும்."

முதலாளி பல்லைக் கடித்தார். "லேப்டாப் மட்டும்."

"சோபாவும்."

"சோபா எங்கேர்ந்து இங்க வந்துச்சு?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து வழுக்கி வழுக்கி உக்காந்துட்டிருக்கேன். சோபா, ஃபிரிட்ஜ், நாம படுக்கற மெத்தை. புரண்டு படுத்தா மூட்டை கட்டற மாதிரி சத்தம். தூங்கறேனா, பார்சல் ஆகறேனான்னு எனக்கே தெரியலை."

"ஃபிரிட்ஜை விட்டுடு."

"ஃபிரிட்ஜ் உண்டு."

"அத்தான், மணி ஆகுது" என்றான் மச்சினன்.

"ரிமோட்டையாவது விடும்மா" என்றார் முதலாளி.

மனைவி யோசித்தார். யோசிப்பதுபோலக் காட்டினார் என்பதுதான் சரி. இதுவும் கணவரிடம் கற்றதுதான். "போனாப் போகுது. ரிமோட்டை வச்சுக்கோங்க."

பேரம் முடிந்தது. மனைவியே எழுந்து வந்து திரையின் ஓரத்தில் நகத்தை வைத்தார். ஒரே இழுப்பு. 'சர்ர்ர்.' முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பட்டையின் உறை போனது, அடியில் இருந்த பை போனது, மவுஸின் நாக்கு போனது. விசிறி பெருமூச்சு விட்டு அடங்கியது. அம்பு சொன்ன இடத்தில் நின்றது. மத்தியானம் முழுக்க லேப்டாப்புக்கு இருந்த வியாதி அவ்வளவும் இப்போது மேஜைமேல் சுருண்டு கிடந்தது.

"நான் அப்பவே சொல்லணும்னு நினைச்சேன்" என்றான் நிபுணன்.

மனைவி போனில் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தார். மறுபடி அழைத்தார்கள். ஹோட்டல் அம்மாள் கண்ணாடிபோலத் தெரிந்தார். "ஆ, இப்ப நல்லா இருக்கு சார். மெத்தையைக் காட்டுங்க… என்ன இது, கவர் வெளிச்சத்துல கண்ணைக் கூசுது. துணியே தெரியலை. பிரிச்சுக் காட்டுங்களேன்."

முதலாளி நிமிர்ந்து தன் போர்டைப் பார்த்தார். போர்டு உதவிக்கு வரவில்லை. கத்தரிக்கோலோடு மனைவி வந்தார்.

கவரை உரித்து, மெத்தையைக் கிடத்தி, மேலே படுத்துக் காட்டச் சொன்னார் அந்த அம்மாள். முதலாளி படுத்தார். புரண்டார். சத்தமே இல்லை. தன் கடைச் சரக்கு இத்தனை மெத்தென்று இருக்கும் என்பது அவருக்கே செய்தி. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தூங்கியே போயிருப்பார்.

"பிடிச்சிருக்கு" என்றார் அந்த அம்மாள். "ஆனா ஒரு கண்டிஷன். எங்க கெஸ்ட்டுங்க ஒரு மாசம் படுத்துப் பார்ப்பாங்க. சரியில்லைன்னா திருப்பி அனுப்புவோம். கவர் இருக்காது. எதிர்க்கடைக்காரர் இதுக்கு ஒத்துக்கலை. அவர் கடையிலயும் உங்க பின்னாடி இருக்கிற மாதிரியே ஒரு போர்டு தொங்குது."

முதலாளி எழுந்து உட்கார்ந்தார். "ஒரு வாரம் வச்சுக்கலாமே மேடம்?"

"ஒரு மாசம்."

"பதினஞ்சு நாள். உங்களுக்காக."

மனைவி போனைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. நான் கூட்டிக் குடுக்க மாட்டேன்."

இரண்டு பெண்கள். ஒருத்தி திரைக்கு உள்ளே, ஒருத்தி வெளியே. நடுவில் கவர் இல்லாத முதலாளி.

"ஒரு மாசம்" என்றார்.

ஆர்டர் வந்தது. மனைவி கத்தரிக்கோலோடு மாடி ஏறினார். மச்சினன் நாற்காலி போட்டு ஏறிப் போர்டைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். எதிர்க்கடைக்காரன் ஷட்டருக்கு அடியில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி அவனுக்குக் கையசைத்தார்.

பிறகு மேஜைக்கு வந்து, உரித்த உறைகளை ஒவ்வொன்றாகத் துணியால் நீவிவிட்டு, சட்டைப்பையில் இருந்த தொப்பியையும் சேர்த்து, பெட்டிக்குள் வைத்து மூடினார். நாளைக்கு என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

"டேய், முதல்ல அந்த வயசை மாத்து" என்றார்.

மச்சினன் தட்டினான். "மாத்தறதுக்குக் காப்பாளர் அனுமதி வேணுமாம் அத்தான்."

மாடிப்படியைப் பார்த்து முதலாளி குரல் கொடுத்தார். மேலே சோபாவிலிருந்து நீளமாக 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் மனைவியின் குரல்.

"யோசிச்சுச் சொல்றேன்!"