பாஸ்டர் என்கிற கருஞ்சாரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நோரீன் துணி துவைக்கும் அறையின் வாசலில் மண்டியிட்டு, டீ வடிகட்டியால் மைதா மாவைச் சலித்துத் தூவிக்கொண்டிருந்தாள். கதவுக்குக் கதவு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. படுக்கையறை, குளியலறை, சமையலறை எல்லாம் முடிந்து கடைசியாக இது. நான்கு நாட்களாக இதே வேலைதான். மாவைத் தூவுவது, வந்து பார்ப்பது, தன் கால் தடத்தைத் தவிர வேறொன்றும் இல்லையென்று தன்னையே திட்டிக்கொண்டு துடைப்பது, மறுபடி தூவுவது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் என்று கடைப் பைகளைக் கசக்கிக் கசக்கிப் போட்டிருந்தாள். பாம்பு ஊர்ந்தால் பிளாஸ்டிக் சரசரக்கும். பாம்பு வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. ஆனால் காற்றடித்தாலும் சரசரக்கும், ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடினாலும் சரசரக்கும் என்பதை எவரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. புதன்கிழமையிலிருந்து அவள் உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிடம் உட்காரவில்லை.

காணாமல் போனது பாஸ்டர். ஐந்தடி நீளம், உடம்பெல்லாம் கன்னங்கறுப்பு, தாடைக்குக் கீழே மட்டும் பளிச்சென்ற வெள்ளை. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் காலரும் போட்டுப் பிரசங்க மேடை ஏறும் போதகரைப் போல இருக்கிறான் என்று அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். மிசூரி மாநிலத்துக்காரர்களுக்கு இந்தச் சாரை ஒன்றும் அதிசயமில்லை. வைக்கோல் கொட்டகைக்குக் கொட்டகை ஒன்று கிடக்கும். எலியைத் தின்கிறதே என்று சிலர் விட்டு வைப்பார்கள், முட்டையைத் தின்கிறதே என்று சிலர் மண்வெட்டியை எடுப்பார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பெண்பிள்ளை மட்டும்தான் அவர்களுக்கு அதிசயம்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், விவாகரத்துக் காகிதம் கைக்கு வந்த மாதம், ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த பிராணிச் சந்தைக்கு யாருடனோ துணைக்குப் போனாள். தயிர் டப்பா போன்ற ஒன்றில் பென்சில் கனத்துக்குச் சாம்பல் நிறக் குட்டி ஒன்று கிடந்தது. மூடியைத் திறந்ததும் வாயைப் பிளந்துகொண்டு அவள் மேல் பாய்ந்தது. பக்கத்து மேசையில் மலைப்பாம்புக் குட்டிகள் பிடித்து வைத்த கொழுக்கட்டைகளாகச் சுருண்டு கிடந்தன, எவர் கையில் எடுத்தாலும் சம்மதம் என்பதைப் போல. அந்த வருஷம் முழுக்க அவளிடம் எல்லோரும் பொறுத்துப் போ, வாயை மூடிக்கொண்டிரு என்றே சொல்லியிருந்தார்கள். அவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு உலகத்தையே கடிக்கப் பார்த்த அந்தக் குட்டியை அவளுக்கு அப்படிப் பிடித்துப் போயிற்று.

ஒரு வருஷம் கடித்தான். தூக்கினால் நாற்றத் திரவத்தைப் பீய்ச்சினான். பெட்டியில் விரித்த காகிதத்தில் வாலை அடித்து, விஷமுள்ள சலங்கைப் பாம்பு என்று பாவனை காட்டினான். அவள் கையை இழுக்காமல் அப்படியே வைத்திருக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் கடிக்கவில்லை. அடுத்த நாளும் கடிக்கவில்லை. சாம்பல் நிறம் போய்க் கறுப்பு ஏற ஏறக் கோபமும் போயிற்று. ஆனால் துறுதுறுப்பு போகவில்லை. சாரை சும்மா கிடக்கிற சாதியா என்ன? பட்டப்பகலில் விழித்திருப்பான். அவள் வேலை முடிந்து வந்தால் கண்ணாடிப் பெட்டியின் முகப்புக்கு வந்து தலையைத் தூக்கிப் பார்ப்பான். எலிக்காகத்தான் பார்க்கிறான் என்று அவளுக்கும் தெரியும், அவள் ஒன்றும் பைத்தியமில்லை. இருந்தாலும் வாசலில் ஒருவர் பார்த்து நிற்கிற வீட்டுக்குத் திரும்புவது வேறு மாதிரிதான் இருந்தது. மற்ற நேரமெல்லாம் பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் மூக்கால் தடவி இடுக்கு தேடுவான். வசந்தம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த மே மாதம் மூன்று வாரமாக எலியைத் தொடவில்லை. மூடியை முட்டி முட்டி மூக்கு நுனி தோலுரிந்து கிடந்தது.

"என்னாச்சு இவனுக்கு?" என்று டெல்மர் ஒருநாள் நான்கடி தள்ளி நின்று கேட்டார்.

"பொண்ணு தேடுறான்."

"இந்த வயசுலயா?"

"உன்னைவிட சின்னவன்தான்."

டெல்மர் சிரித்தார். அவருக்கு அறுபத்தொன்று. ஊரூராய்ப் போய்ப் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறவர். மனைவி இறந்து ஆறு வருஷம். வரும் ஜூன் முதல் சனிக்கிழமை நோரீன் அவருடைய பண்ணை வீட்டுக்குக் குடிபோவதாக ஏற்பாடு. பாம்பென்று நினைத்துத் தோட்டத்து ரப்பர் குழாயைப் பார்த்துக்கூட ஒரு நொடி துள்ளுகிற மனிதர், "அவனும் வரட்டும், உன்கூட வர்றவன்தானே" என்று சொல்லி, பின்னறையில் ஜன்னலோரம் பெட்டி வைக்கத் தானே பலகை அடித்தார். அந்தப் பலகையைப் பார்த்த அன்றைக்குத்தான் அவள் சரி என்று தலையாட்டினாள்.

புதன்கிழமை, முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் ஆள் வராததால் அவளுக்கு இரண்டு ஷிஃப்ட். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றிவிடுகிறேன் என்று டெல்மர் தானே சாவியை வாங்கிக்கொண்டார். மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி, இரண்டையும் மாட்ட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்தபோது மூடி ஒரு மூலையில் இரண்டு விரல் தூக்கிக் கிடந்தது. போனில் கேட்டாள். "ரெண்டையும் மாட்டினேனே" என்றார் டெல்மர்.

மாட்டிய கொக்கி எப்படித் திறக்கும்? பாம்புக்குக் கையா இருக்கிறது?

வேலையிடத்தில் தன்னோடு இஸ்திரி போடும் பெட்டினாவிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. "அடியே, நீ இன்னும் பச்சப் புள்ளயா? எங்க வீட்டாளு என் பூனைய இப்படித்தான் ஒழிச்சாரு. வாயால சரிம்பாங்க, கதவைத் திறந்து வெச்சிட்டு நல்லவன் மாதிரி தேடவும் வருவாங்க" என்றாள் அவள். டெல்மர் அப்படியில்லை என்று நோரீன் சொன்னாள். சொன்ன குரல் அவளுக்கே நம்பும்படியாக இல்லை. வீட்டில் பாதி கட்டிய அட்டைப் பெட்டிகள் அப்படியே கிடந்தன. புதனுக்குப் பிறகு ஒரு தட்டைக்கூட அவள் காகிதத்தில் சுற்றவில்லை. ஒரு மூடியைத் தெரிந்தே திறந்து வைக்கிற ஆள் என்றால், அவருடைய வீட்டில் தன் மீதி வயசைக் கொண்டுபோய் எப்படி வைப்பது? அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு அவருடைய பிக்கப் வண்டி வந்து நின்றது. சர்ச்சுக்குப் போகிற கோட்டோடு டெல்மர் இறங்கினார். இடது கையில் கட்டியிருந்த கைக்குட்டையில் ரத்தம். வலது கையை எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டி, வாய் முடிச்சுப் போட்ட தலையணை உறை ஒன்றைப் பிடித்திருந்தார்.

"கிடைச்சுட்டான்!" என்றார் படியேறும்போதே. "நோரீன், கிடைச்சுட்டான்! எங்க தெரியுமா? என் கோழிக் கொட்டகையில!"

"பதினோரு மைல் தள்ளியா?"

"நான் அன்னைக்கு இங்கதானே வண்டிய நிறுத்தியிருந்தேன். எஞ்சினுக்குள்ள ஏறிப் படுத்துக்கிட்டு என்கூடவே வந்திருக்கான் பாரு, திருட்டுப் பய. முட்டை எடுக்கப் போனா கூடைக்குள்ள சுருண்டு கிடக்கான்."

நடக்கக் கூடியதுதான். சூட்டுக்காக எஞ்சினுக்குள் ஏறும் பாம்புகளைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். ஐந்தடி, கன்னங்கறுப்பு, வெள்ளைத் தாடை. கையை உள்ளே விட்டதும் சுரீரென்று கட்டை விரலில் ஒரு கடி. வால் துணியில் படபடத்தது. பழைய நாற்றம் குப்பென்று அடித்தது. அப்போதும் நம்பிக்கை விடவில்லை. பயந்திருக்கலாம், நான்கு நாள் வெளியே கிடந்தவன். கழுத்தைப் பதமாகப் பிடித்து மெல்லத் திருப்பி வயிற்றைப் பார்த்தாள். குட்டியாக இருந்தபோது பெட்டிக்குள் வைத்த மின்சாரச் சூட்டுக் கல்லில் படுத்து வெந்துபோய், பாஸ்டருக்கு அங்கே கட்டை விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு உண்டு. இந்த வயிறு பீங்கான் தட்டு போலச் சுத்தமாக இருந்தது.

மூக்கும் உரிந்திருக்கவில்லை.

அவள் பாம்பைத் திரும்ப உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டாள். தலையை நிமிர்த்தினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவள் குனிந்திருப்பது சந்தோஷக் கண்ணீரை மறைக்கத்தான் என்று டெல்மர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே சொல்லலாம்" என்றார். "கிடைச்சதுக்கு அப்புறம் சொல்லணும்னு இருந்தேன். அன்னைக்கு நான் கொக்கிய மாட்டல, நோரீன்."

அவள் உறையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"கிண்ணத்தை வெச்சுட்டுத் திரும்புறேன், தலையத் தூக்கி என்னையே பாக்குறான். மூடியப் போட்டேன், ஓடிட்டேன். வண்டியில ஏறினதும் ஞாபகம் வந்துச்சு. திரும்பி உள்ள போக வாசல் வரைக்கும் வந்தேன். கால் வரல. சின்னப் பய மாதிரி நின்னுட்டுப் போயிட்டேன். நீ கேட்டப்போ மாட்டினேன்னு பொய் சொன்னேன்."

"நாலு நாளு, டெல்மர். நாலு நாளா நான் மாவத் தூவிக்கிட்டுக் கிடக்குறேன்."

"தெரியும்."

"வேணும்னே விட்டியா? அதை மட்டும் சொல்லு."

டெல்மர் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணும்னு இல்ல. ஆனா நீ போன்ல காணோம்னு சொன்னப்போ, ஒரு நிமிஷம்… அப்பாடான்னு இருந்துச்சு. ஒரே ஒரு நிமிஷம்தான். அப்புறம் உன் குரலக் கேட்டேன்."

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே, இந்த ஆள் அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாமே என்றும் தோன்றியது. சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். அட்டைப் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளினாள்.

"இது பாஸ்டர் இல்ல" என்றாள்.

"என்னது?"

"இது அவன் இல்லய்யா. காட்டுப் பாம்பு. உன் கொட்டகையிலயே பிறந்து உன் முட்டையத் தின்னே வளர்ந்தவன்."

டெல்மர் உறையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. "அப்ப நான் யாரைப் பிடிச்சேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. அவர் கையைப் பிடித்துக் கைக்குட்டையை அவிழ்த்து, கோட்டின் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஊசி குத்தியது போல வரிசை வரிசையாகப் பொட்டுகள். எண்ணினால் ஏழெட்டுக் கடியாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் ரத்தம் மணி கோத்து நின்றது.

"முதல் கடியிலயே உதறிட்டு ஓட வேண்டியதுதானே, பைத்தியக்கார மனுஷா?"

"நீதானே சொன்னே, கையை இழுக்கக் கூடாதுன்னு" என்றார் டெல்மர். "அவன் கெட்டவன் இல்ல, பயந்தவன், கையை அப்படியே வெச்சிருந்தா அடங்கிருவான்னு. அடங்குவான் அடங்குவான்னு வெச்சிருந்தேன். பாஸ்டர், பாஸ்டர்னு பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். அடங்கவே இல்ல. உன் பேச்சைத்தான் கேப்பான் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

நோரீன் அவர் கையை மேசைமேல் வைத்தாள். "அயோடின் எடுத்துட்டு வர்றேன். அசையாம உக்காரு" என்றுவிட்டு நடந்தாள். கோபம் இன்னும் தீரவில்லை, ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

மருந்துப் பெட்டி துணி துவைக்கும் அறையின் அலமாரியில் இருந்தது. வாசலில் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

காலையில் அவள் தூவிய வெள்ளைப் பட்டையின் குறுக்கே, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை விரல் கனத்துக்கு ஒரு கோடு. வளைந்து, நெளிந்து, நிதானமாக. குனிந்து பார்த்தாள். உள்ளே போனதா, உள்ளேயிருந்து வெளியே வந்ததா என்று அந்தக் கோட்டிலிருந்து தெரியவில்லை. பாம்பின் தடத்துக்குக் குதிகால் ஏது?

"டெல்மர்" என்றாள், கிசுகிசுப்பாக. "சத்தம் போடாம வா."

அவர் வந்தார். மாவில் கிடந்த தடத்தைப் பார்த்தார். காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோட்டைக் கழற்றிக் கதவுப் பிடியில் மாட்டினார். அவள் டார்ச்சை எடுப்பதற்குள், மாவைத் தாண்டிப் போய் இயந்திரத்தின் முன்னால் சர்ச்சுக்குப் போட்ட பேண்ட்டோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டார்.

"தள்ளு, நான் பாக்குறேன்" என்றாள் அவள்.

"என் கைதான் நீளம். அதோட, இந்தக் கை இன்னும் நல்லாத்தானே இருக்கு."

வலது சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு, இயந்திரத்துக்கு அடியிலிருந்த இருட்டுக்குள் மெல்ல விட்டார். மணிக்கட்டு மறைந்தது, முழங்கை மறைந்தது, தோள் தகரத்தில் இடித்து நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை. நோரீன் பக்கத்தில் மண்டியிட்டு டார்ச்சைப் பிடித்தாள்.

உள்ளே எங்கோ பிளாஸ்டிக் பை சரசரத்தது. காற்று இல்லை, எந்த மோட்டாரும் ஓடவில்லை. மறுபடி சரசரத்தது, முன்னைவிடக் கிட்டத்தில்.

டெல்மர் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். கையை எடுக்கவில்லை.