மூன்றாம் கோட்டில் வேர்னன்

செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சிக்கு முன் வேர்னன் டில்லர்டுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது: வலது முழங்கால் பக்கவாட்டில் அவனைத் தாங்குமா, தாங்காதா.

நேராக ஓடினால் தாங்கியது. குதித்தாலும் தாங்கியது. நவம்பரில் கத்தி வைத்த வைத்தியர் பெப்ரவரியில் எல்லாம் சரி என்று எழுதியும் கொடுத்துவிட்டார். ஆனால் எதிராளி பந்தோடு சடாரென்று ஒரு பக்கம் வெட்டும்போது, அந்தக் கால் யோசித்தது. அரை விநாடிதான். கூடைப்பந்தில் அரை விநாடி என்பது இரண்டு புள்ளி.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஒகையோ மாநிலத்தில் லீமா என்ற சிறு நகரத்துப் பிள்ளை. 1975இல் அமெரிக்கத் தொழில்முறை அணி ஒன்று ஆறாம் சுற்றில் அவனைத் தெரிவு செய்து, பயிற்சி முகாமின் பதினோராம் நாள் பஸ் டிக்கெட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அதன் பிறகு பெல்ஜியத்தில் ஒரு வருடம், இத்தாலியின் இரண்டாம் பிரிவில் இரண்டு வருடம், ஸ்பெயினில் ஒரு வருடம். மிச்சமெல்லாம் பிரான்ஸ், நான்கு ஊர், நான்கு கழகம். எல்லா இடத்திலும் ஒரு வருட ஒப்பந்தம்தான். முன்வரிசை ஆட்டக்காரனாக எங்கும் ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுத்தான். ஊர்களின் தேவாலயங்களோ ஆறுகளோ அவன் நினைவில் இல்லை. எந்த மண்டபத்தில் தரை வழுக்கும், எந்த மண்டபத்தில் சுடுதண்ணீர் வராது என்பது மட்டும் நினைவிருந்தது.

இப்போது இருக்கும் கழகம் பாரிஸின் வடக்குப் புறநகரைச் சேர்ந்தது, இரண்டாம் பிரிவு. ஓர் அணியில் இரண்டு வெளிநாட்டவர் ஆடலாம். ஒருவன் யூகோஸ்லாவியன், அவனை யாரும் தொட முடியாது. மற்ற இடத்துக்கு வேர்னன் இருக்கும்போதே போன வாரம் கீத் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனை அமெரிக்காவிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

பயிற்சியாளர் மார்செல் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. "நீ போடுகிற பந்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எதிராளி உன்னைத் திறந்த கதவு மாதிரித் தாண்டிப் போகிறான். செவ்வாய்க்கிழமை கீத்தை மறித்துக் காட்டு. முடியாவிட்டால் புதன்கிழமை விமானம்."

அடிபட்ட பிறகு கழகம் காரையும் பெரிய வீட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு, பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் ஒற்றை அறை ஒன்றைக் கொடுத்திருந்தது. ஞாயிறு முற்பகல் வேர்னன் பந்தை எடுத்துக்கொண்டு ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் நடந்தான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தார் போட்ட கூடைப்பந்துத் தளம் இருந்தது. வாரநாட்களில் காலை ஏழு மணிக்கு அது அவனுக்கு மட்டுமே சொந்தம்.

அன்று அங்கே பதினொரு ஆண்கள் நின்றார்கள். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த தமிழர்கள். மேற்சட்டைகளைக் கம்பி வேலியில் தொங்கவிட்டிருந்தார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, காலில் பூசைக்குப் போட்ட சப்பாத்து. கூடை வளையத்தை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. தளத்தின் குறுக்குக் கோடுகள் ஐந்தும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. நெடுக்காக ஒரு கோடு குறைந்தது. அதை ஒருவர் வெண்கட்டியால் நடுவே கீறிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு ஒருவர் கைவிரித்து மறிக்க, மற்ற அணி தொடுபடாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பவும் வரவேண்டும். நடுக்கோட்டில் ஓடித் திரிந்து பிடிப்பவன் கிளி. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிளித்தட்டு ஆடியவர்களுக்குக் கோடு போட்ட தளம் எதைக் கண்டாலும் அந்த எண்ணம்தான் வரும்.

வேர்னனுக்கு அது ஒன்றும் தெரியாது. தன் தளம் பறிபோனது மட்டும் தெரிந்தது.

மெலிந்த ஒருவர் முன்னால் வந்தார். பெயர் நீக்கிலாஸ். மன்னாரில் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். ஆங்கிலம் நன்றாக வந்தது.

"ஒரு மணித்தியாலம் பொறுக்க முடியுமா, சேர்? எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு."

வேலியோரம் பிளாஸ்குடன் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி பேர்ளி சிரித்தாள். "என்னப்பா சேர் எண்டுறியள்? ஆளைப் பாத்து நடுங்கிறியளோ?"

"நீர் சும்மா இரும்."

கிளியாக நின்றவர் மரியரட்ணம். தொந்தியும் குரலும் பெரியவை. தன் அணியில் ஓர் ஆள் குறைந்ததில் எரிச்சலாக இருந்தார். வேர்னனை மேலும் கீழும் அளந்துவிட்டு, "நீக்கிலாஸ், உந்த ஆளைக் கேளும். கையை விரிச்சா ஒரு தட்டு முழுக்க அடைபட்டிடும்" என்றார்.

"அது அநியாயம், அண்ணை!" எதிரணியில் இருந்த குள்ளமான மடுத்தீன் கத்தினான். "பிறகு நாங்கள் எப்பிடிப் பழமாகிறது?" போய்த் திரும்பியவன்தான் பழம்.

"நீ உவன்ர காலுக்குள்ளாலை போவாய், ஓடு."

நீக்கிலாஸ் இதை, "நீங்களும் சேர்ந்தால் மகிழ்ச்சி என்கிறார்கள்" என்று மட்டும் மொழிபெயர்த்தார்.

வேர்னன் தயங்கினான். கழகத்துக்கு வெளியே வேறு விளையாட்டில் அடிபட்டால் ஒப்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், எழுத்தில் இருந்தது. காற்சட்டையை உயர்த்தி முழங்காலின் தழும்பைக் காட்டினான். "இது போய்விட்டால் எனக்கு வேலை போய்விடும்."

நீக்கிலாஸ் தழும்பைக் குனிந்து பார்த்தார். "ஓட வேண்டாம். கோட்டில் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தால் போதும்."

பக்கவாட்டில் மட்டும். வேர்னன் பந்தை வேலியோரம் வைத்தான்.

மூன்றாம் கோட்டில், தளத்தின் சரிநடுவில், அவனை நிறுத்தினார்கள். மரியரட்ணம் கை தட்டினார். முதலில் வந்த மடுத்தீன் இடப்பக்கம் ஒரு பொய் அசைவு காட்டிவிட்டு, வேர்னனின் வலது கைக்குக் கீழே குனிந்து போய்விட்டான். அந்தப் பக்கம்தான் யோசிக்கும் கால். அடுத்த முறையும் அதே பக்கம். மூன்றாம் முறை வேர்னன் கோட்டை விட்டு ஓரடி பின்னால் போய்ப் பிடித்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"கோட்டை விட்டிட்டான்! செல்லாது, செல்லாது!"

"லைற்போஸ்ற் மாதிரி நிக்கிறான். லைற்றும் எரியேல்லை" என்றாள் பேர்ளி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

மொழி விளங்கவில்லை. ஆனால் பதினொரு வருடம் அந்நிய மண்டபங்களில் ஆடியவனுக்கு எந்தச் சிரிப்பு யாரைப் பற்றியது என்று தெரியும். மடுத்தீன் போன வழியை அவன் பார்த்தான். இந்த நாட்டிலேயே அவ்வளவு தாழ்வாக யாரும் அவனைத் தாண்டியதில்லை. பின்னால் போக வழியில்லை, கோடு விடாது. உயரத்தால் பயனில்லை. குனியத்தான் வேண்டும். அடிபட்டதிலிருந்து அவன் நிமிர்ந்தே ஆடியிருக்கிறான், மடக்கினால் வலிக்குமென்று.

"மறி!" மரியரட்ணம் தொடையில் தட்டிக் காட்டினார். "குனிஞ்சு மறியடா, மலைமாடே!"

"தடுக்கச் சொல்கிறார்" என்றார் நீக்கிலாஸ்.

வேர்னன் முழங்கால்களை மடக்கிக் கைகளைத் தாழ்த்தினான். மடுத்தீன் வந்தான். இடம் காட்டினான், வலம் வெட்டினான், திரும்ப இடம், திரும்ப வலம். கோட்டின் மேல் வேர்னனின் கால்களும் அவனோடு போய் வந்தன. வேலியோரத்துப் பேச்சு நின்றது. மடுத்தீன் தலையைக் குனிந்து பாய்ந்தபோது பெரிய கை ஒன்று அவன் முதுகில் மெதுவாக விழுந்தது.

"ஐயோ, போச்சு!" என்றான் மடுத்தீன்.

மரியரட்ணம் தொந்தி குலுங்க ஓடிவந்து வேர்னனின் இடுப்பைக் கட்டிப்பிடித்தார். அதற்கு மேல் எட்டவில்லை. அப்போதுதான் வேர்னன் குனிந்து முழங்காலைப் பார்த்தான். அது யோசிக்கவில்லை. யோசிக்க அதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

அவன் போகவில்லை. பிற்பகல் இரண்டு மணிவரை அந்தக் கோட்டிலேயே நின்றான். இடையில் பேர்ளி றோல்சும் தேத்தண்ணியும் கொடுத்தாள். மடுத்தீன் இன்னும் நான்கு முறை அவனைத் தாண்டினான். ஏழு முறை அகப்பட்டான். திங்கட்கிழமை முழங்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. வேர்னன் ஐஸ் வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். நல்ல வீக்கமா கெட்ட வீக்கமா என்று இரவுவரை தெரியவில்லை. செவ்வாய் காலை அது வற்றியிருந்தது.

மாலையில் மார்செல் பந்தைக் கீத்திடம் கொடுத்தார். "பத்து முறை."

பையன் வேகமானவன், முதல் இரண்டு முறையும் வலப்பக்கமாகவே தாண்டினான். மார்செல் தாளில் ஏதோ எழுதினார். மூன்றாம் முறை வேர்னன் பளபளக்கும் மரத்தரையில், யாருக்கும் தெரியாத ஒரு கோட்டைத் தன் காலடியில் கீறிக்கொண்டான். அதற்குப் பின்னால் போக முடியாது. குனிந்தான். கீத் வலப்பக்கம் வெட்டினான். அங்கே வேர்னன் நின்றான். திரும்பி இடப்பக்கம் போனான், அங்கேயும் நின்றான். மடுத்தீனோடு ஒப்பிட்டால் இந்தப் பையன் உயரம். எங்கே போகப்போகிறான் என்பது தோளிலேயே தெரிந்தது. மிச்ச எட்டில் ஆறை மறித்தான்.

மார்செல் பேனையை மூடினார். "எந்த வைத்தியரிடம் போனாய்?"

"ஸ்டாலின்கிராட்டில் சிலர்."

"சீசன் முடியும்வரை நீ இருக்கிறாய். அதற்குப் பிறகு எனக்கும் தெரியாது."

மூன்று மாதம். வேர்னன் அதைவிடக் குறைந்த காலத்துக்கும் கையெழுத்து வைத்திருக்கிறான். கீத்துக்கு அன்றிரவே பெல்ஜியத்துக் கழகம் ஒன்றின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு நீக்கிலாஸிடம் பதினைந்து டிக்கெட் கொடுத்திருந்தான். லா கூர்னெவ்வுக்கு அப்பால் இருந்த மண்டபத்தின் மேல் மூலையில் அவர்கள் மேற்சட்டைகளைக் கழற்றாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியில் எப்போது கை தட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வேர்னன் கூடையில் போட்டதெல்லாம் அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. அவ்வளவு உயரமானவன் அவ்வளவு தாழ்ந்த வளையத்தில் போடுவது என்ன பெரிய காரியம் என்று மடுத்தீன் கேட்டான்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி முன்னிலை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு நேரே வேர்னனை நோக்கி வந்தான். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. அந்தச் சத்தத்துக்கு மேலால், மூலையிலிருந்து மரியரட்ணத்தின் பெரிய குரல் வந்தது.

"மறி, வேர்னன்! குனிஞ்சு மறியடா!"

பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மூலையிலிருந்து அன்று கேட்ட தமிழ்ச் சொற்களில் வேர்னனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாதது அது ஒன்றுதான். அவன் குனிந்தான்.