நல்லேரியில் அது இல்லை

நல்லேரிக்காரர்களுக்கு அந்த வருஷம் தலைகால் புரியவில்லை. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்து, சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சில வருஷங்களாகச் செத்துப்போன பெண்களின் கணக்கை எடுத்துப்போயிருந்தார்கள். யார் எதனால் செத்தார்கள், எந்த ஊரில் புற்றுநோய்ச் சாவு அதிகம், அது கூடிக்கொண்டு வருகிறதா குறைகிறதா என்று ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்த்ததில் பக்கத்து அந்தோணியார்புரம்தான் முதலிடம். நல்லேரியில் அந்த நோயால் ஒரு பெண்கூடச் சாகவில்லையாம். முனிரத்தினம் டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. எல்லாம் நம்ம ஏரித் தண்ணி விசேஷம் என்றான் ஒருத்தன். இனிமேல் அந்தோணியார்புரத்துக்குப் போனால் பச்சைத் தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்றான் இன்னொருத்தன். ஊரென்று ஒன்று இருந்தால் பீற்றிக்கொள்ள ஏதாவது வேண்டுமே!

ரைஸ் மில்லில் வேலை செய்த சுப்பராயனும் மூட்டைக்கு மூட்டை இதைத்தான் பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கணக்கில் அவன் அம்மா சாவும் சேர்ந்திருந்தது. கணக்கெடுக்க வந்த பாபு என்கிற மயிலாப்பூர்க்காரருக்கு அவனேதான் பதில் சொன்னான். பெண்கள் சமாசாரத்தைப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் நல்லேரிப் பெண்கள் அசலூர் ஆம்பளை முன்னால் வாய் திறந்திருக்க மாட்டார்கள், அது வேறு கதை. அம்மா எதனால் செத்தாள் என்றதும் சுப்பராயன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பெரும்பாடு பட்டு செத்தாங்க சார்" என்றான்.

நல்லேரியில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். தூரம் நிற்காமல் மாதக்கணக்கில் உதிரம் போவதற்குப் பெரும்பாடு என்று பெயர். ஆம்பளைக்கு ஆம்பளை முகம் சுளிக்காமல் சொல்லிக்கொள்ளக்கூடிய மரியாதையான வார்த்தை. பாபு என்ன கண்டார், பாவம்! கடைசி காலத்தில் கிழவி ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறாள் என்று உச்சுக்கொட்டிவிட்டு, முதுமை என்று எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டிலும் பெரும்பாடு, அதற்கடுத்த தெருவிலும் பெரும்பாடு. இந்த ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கே மனசு கனத்துப்போயிற்று. அந்தோணியார்புரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மருந்தகம் ஒன்று இருந்தது. அங்கே போய்ப் பழகியவர்கள் கான்சர் என்றே சொன்னார்கள். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். மற்றபடி ஒரே ஏரி, ஒரே காற்று, ஒரே சாவு.

கோடை தொடங்கியதும் பெண்களைப் பரிசோதிக்கிற வண்டி அந்தோணியார்புரத்துக்கு வந்து நின்றது. நல்லேரிக்கு வரவில்லை, ஏன் வரப்போகிறது? அன்றைக்குச் சோறு போடும்போது சுப்பராயன் பெண்சாதி ராஜாமணி, தானும் ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அவளுக்குத் தைப்பொங்கலிலிருந்தே உதிரம் நிற்கவில்லை. அவனிடம் அதை நேராகச் சொன்னதில்லை, ஆனால் அவனுக்குத் தெரியும்.

"அது அவங்க ஊருக்கு வந்துகீது. நம்ம ஊர்லதான் அது கெடையாதுன்னு மெட்ராஸ்லயே சொல்ட்டானுங்களே" என்றான் சுப்பராயன். தீட்டு நிற்கிற வயசில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானமும் சொன்னான். அவன் பெண்டாட்டியை அடிக்கிறவன் இல்லை, சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கிறவனும் இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். அவள் பயப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். வண்டி சில நாள் நின்றுவிட்டுப் போய்விட்டது.

அந்த மே மாதம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ஒரு பெரிய தலைவர் செத்த பிறகு, எங்கள் பக்கம் என்றாலே தேசம் முழுக்க அந்த ஒரே ஒரு சாவைத்தான் பேசியது. ஆடியில் ராஜாமணி நாற்று நடுகிற இடத்திலேயே மயங்கிச் சேற்றில் விழுந்தாள். சேலையைப் பார்த்ததும் கூட நட்டவர்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். சுப்பராயன் அவளை மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கணக்கெடுக்க ஆள் அனுப்பிய அதே ஆஸ்பத்திரியில் வயசான ஒரு டாக்டரம்மா பார்த்தார். உள்ளே வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, கர்ப்பப்பை வாயில் புற்று, முற்றிப்போயிற்று என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அம்மா பெரும்பாடு பட்டுச் செத்ததைச் சொன்னான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரத்தப்போக்கையா சொல்கிறீர்கள் என்றார்.

"பின்ன, அதத்தானம்மா சொல்றேன். கணக்கெடுக்க வந்தவர்கிட்டயும் அதத்தான் சொன்னேன்."

எந்த ஊர் என்று கேட்டார் டாக்டரம்மா. நல்லேரி என்றதும் அவர் முகம் செத்துப்போயிற்று. உங்கள் ஊரில் அந்த நோயே இல்லை என்றல்லவா இங்கே கணக்கு வந்திருக்கிறது என்றார். சுப்பராயனுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா, பெரிய அண்ணி, முனிரத்தினத்தின் அக்கா, கோயில் தெருவில் இரண்டு பேர். எல்லாரும் அதில்தான் போனார்கள். ஊரே சேர்ந்து உள்ளதைத்தான் சொன்னது, ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். யாரைக் குற்றம் சொல்வது?

கொஞ்ச நாள் கரண்ட் என்று ஊரில் சொல்கிற கதிர் சிகிச்சை வைத்துப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். நடந்ததை எல்லாம் அவனே ராஜாமணியிடம் சொன்னான். அவள் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் சொன்னா இந்த ஊர்ப் பொம்பளைங்க காதுல ஏறாது, ஆம்பள சொன்னாதான் ஏறும். நீ போயி டீக்கடையில சொல்லு" என்றாள். "பெரும்பாடுன்னு சொல்லாத. கர்ப்பப்பையில கான்சர்னு சொல்லு."

சொன்னான். அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தையிலேயே சொன்னான். நாலு பேர் நடுவில் பேசுகிற பேச்சா இது, ஊர் மானத்தை ஏன் வாங்குகிறாய் என்று முனிரத்தினம் கடிந்துகொண்டார். ஆனாலும் பேச்சு ஒவ்வொரு வீட்டுக்கும் போயிற்று. மறுநாள் அடுத்த வீட்டு நடேசன் பெண்சாதி கிளியம்மாள் புழக்கடை வழியாக வந்தாள். ராஜாமணியின் காலடியில் உட்கார்ந்தவள் நகர்ந்து நகர்ந்து காதருகே போய், தனக்கும் அப்படித்தான் போகிறது, புருஷன் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவிடமாட்டேன் என்கிறான் என்றாள்.

ராஜாமணி சுப்பராயனைக் கூப்பிட்டு, இவளை நாளைக்கே கூட்டிப்போ என்றாள். உன்னை இந்த நிலைமையில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவன் தயங்கினான். நோயில் விழுந்த நாளிலிருந்து அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"என்னைப் பாத்துகினு ஒக்காந்து இன்னா பண்ணப்போற? அவள இட்டுகினு போ."

காலையில் மெட்ராஸ் பாரீஸ் முனைக்குப் போகிற பஸ்ஸில் கிளியம்மாளைக் கூட்டிப்போனான். அதே டாக்டரம்மாதான் பார்த்தார். இப்போதுதான் ஆரம்பம், ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார். திரும்பி வரும்போது கிளியம்மாளுக்கு பஸ்ஸில் இருப்பே கொள்ளவில்லை. அக்காகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ முந்திக்காத மாமா என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். சுப்பராயனுக்கும் பல மாதம் கழித்து லேசாகச் சிரிப்பு வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பியதும் ஒப்பாரி கேட்டது. சுப்பராயன் பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். கிளியம்மாள் ஓடினாள். கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், ராஜாமணியின் காதருகே குனிந்தாள்.

"ஆரம்பந்தானாம்க்கா. நான் பொழைச்சுக்குவனாம்."

இரண்டு தரம் சொன்னாள். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு, எதுடி ஆரம்பம் என்று கேட்டார்கள். கிளியம்மாள் நிமிர்ந்து, வாசலில் நின்ற நடேசனுக்கும் மற்ற ஆம்பளைகளுக்கும் கேட்கும்படி அந்த நோயின் பெயரைச் சொன்னாள். பிறகுதான் ராஜாமணியின் மேல் விழுந்து அழுதாள்.